காலம் வேறு, இடம் வேறா?

(ஒரகடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது நான் விஞ்ஞானத்தில் ஏதோ பெரிய பண்டிதன் என்பதுபோல் சொல்லிவிட்டார். அது முழுதும் தவறு. நான் பத்தாவது வகுப்போடு நின்றுவிட்டவன். பிறகு பட்டறையில் லேத்து ஓட்டியவன. எனக்குத் தெரிந்ததெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தும், விளங்காததை விளங்கியவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டும், கணக்கை நானே போட்டுப் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கணக்கு வருகிற இடத்தில் நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

காலம், இடம் என்பவைகளைப் பற்றித் தொழிலாளர் கூட்டத்தில் பேச வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் நினைக்கலாம். அவசியம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் இந்த வட்டாரத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். ஷிப்டு மணி அடிப்பதற்கு 20 நிமிடம் முன்னதாகவே வந்து, வரிசையில் நின்று, உடை மாற்றி, யந்திரத்தின் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டியிருக்கிறதென்றும், அந்த 20 நிமிடத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டுமென்றும் அவர் தம் மேலதிகாரியிடம் கேட்டாராம். அதற்கு அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "காலமே ரிலேட்டிவ்தான் தம்பி, ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார். உனக்கு 20 நிமிஷமாகத் தோன்றுவது எனக்கு ஒன்றுமேயில்லை" என்றாராம். அதே வாரத்தில் அந்த இளைஞர் ஒரு மண்டபத்தில் நடந்த பிரசங்கத்துக்கும் போயிருக்கிறார். அங்கே பிரசங்கியார், "காலமும் இடமும் மாயை என்று நம் முன்னோர்கள் சொன்னதைத்தான் ஐன்ஸ்டைன் இப்பொழுது சொல்லுகிறார், ககுத்மி ராஜா பிரம்மலோகம் போய் வந்த கதையில் இதெல்லாம் முன்னமே இருக்கிறது" என்று சொல்ல, ஜனங்கள் கைதட்டினார்களாம். இளைஞர் என்னைக் கேட்டார்: "அண்ணே, கூலி இல்லை என்பவரும் ஐன்ஸ்டைனைச் சொல்லுகிறார், உலகமே இல்லை என்பவரும் ஐன்ஸ்டைனைச் சொல்லுகிறார். அந்த மனிதர் உண்மையில் என்னதான் சொன்னார்?"

இதற்குப் பதில்தான் என் இன்றையப் பேச்சு.

முதலில் அவர் சொல்லாத ஒன்றைத் தள்ளிவிடுவோம். ஊருக்கு ஊர் மணி வேறுபடும் என்பது பழைய விஷயம். சென்னையில் 1792-ல் வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதன் கணக்குப்படி வந்த 'மதராஸ் டைம்' என்பதை வைத்துத்தான் ரயில்கள் வெகுகாலம் ஓடின. 1906 ஜனவரி 1-ந்தேதி முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து இந்தியா முழுமைக்கும் ஒரே மணி என்று ஏற்பாடாயிற்று. நம் ஒரகடம் அந்த ரேகைக்குச் சுமார் இரண்டரைப் பாகை மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியில் 12 மணி 10 நிமிடத்துக்கு. இதெல்லாம் கெடிகாரத்தின் முள்ளை எந்த இடத்தில் திருப்பி வைப்பது என்கிற ஏற்பாடு. ஐன்ஸ்டைன் பேசியது முள்ளைத் திருப்பி வைப்பதைப் பற்றியல்ல. முள் ஓடுகின்ற வேகத்தைப் பற்றி.

இதை விளக்க உங்கள் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதோ மேஜைமேல் ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதன் இரு முனைகளும் இந்த முள் மீட்டரில் இணைக்கப்பட்டிருக்கின்றன. இது ஒரு காந்தம். சுருளை அசையாமல் வைத்து, காந்தத்தை உள்ளே தள்ளுகிறேன். பாருங்கள், முள் ஆடுகிறது. இப்பொழுது காந்தத்தை அசையாமல் வைத்து, சுருளை அதன்மேல் கொண்டுவருகிறேன். அதே வேகத்தில் செய்தால் அதே அளவுதான் ஆடுகிறது. (இவ்விடத்தில் இரண்டு முறையும் செய்து காட்டப்பட்டது.) இதைப் பாரடே என்பவர் 1831-ல் கண்டுபிடித்தார். அவரும் அதிகம் பள்ளிக்கூடம் போனவரல்ல. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். நீங்கள் இங்கே பூட்டுகின்ற ஒவ்வொரு காருக்குள்ளும் இருக்கும் ஆல்டர்னேட்டர் இந்த ஒரு காரியத்தைத்தான் செய்கிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் முள்ளில் இல்லை. அக்காலத்துப் படிப்பாளிகள் அதற்குச் சொன்ன காரணத்தில் இருந்தது. காந்தம் நகர்ந்தால் சுருளைச் சுற்றி ஒரு மின்புலம் உண்டாகிறது, அது கம்பியிலுள்ள மின்சாரத்தைத் தள்ளுகிறது என்றார்கள். சுருள் நகர்ந்தால் மின்புலமே உண்டாவதில்லை, காந்தப்புலத்துக்குள் ஓடுகின்ற மின்சாரத்தைக் காந்தமே தள்ளுகிறது என்றார்கள். விளைவு ஒன்று, காரணம் இரண்டு! ஒரே குற்றத்துக்கு இரண்டு பேரைப் பிடித்துத் தண்டித்ததுபோல இது இருக்கிறதல்லவா? சுவிட்சர்லாந்தில் பேட்டண்டு ஆபீசில் வேலை பார்த்து வந்த 26 வயது ஐன்ஸ்டைனுக்கு இது பொறுக்கவில்லை. 1905-ல் அவர் எழுதிய பிரசித்தமான கட்டுரை நட்சத்திரத்தைப் பற்றியோ, அண்டத்தைப் பற்றியோ ஆரம்பிப்பதல்ல. இந்தக் காந்தத்தையும் இந்தக் கம்பியையும் பற்றித்தான் ஆரம்பிக்கிறது.

அவர் கண்ட முடிவு என்னவென்றால், மின்புலம் என்றும் காந்தப்புலம் என்றும் இரண்டு தனிப்பொருள்கள் கிடையா. புலம் ஒன்றே. அதில் எவ்வளவு மின்சாரமாகத் தெரியும், எவ்வளவு காந்தமாகத் தெரியும் என்பது பார்க்கிறவன் எப்படி நகருகிறான் என்பதைப் பொறுத்தது. காந்தத்தோடு கூட நிற்பவனுக்கு வெறும் காந்தமாகத் தெரிவது, அதைக் கடந்து போகிறவனுக்குக் கொஞ்சம் மின்சாரமாகவும் தெரிகிறது.

'புலம்' என்ற சொல் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஒரு காகிதத்தின்மேல் இரும்புத்தூளைத் தூவி, கீழே காந்தத்தை வைத்தால், தூள் வளைந்த கோடுகளாக நிற்பதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். காந்தம் தொடாத இடத்திலும் ஏதோ ஒன்று பரவி நிற்கிறதென்பதற்கு அது அடையாளம். இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் இவ்வளவு வலிவு, இந்தத் திசை என்று அளந்து சொல்லக்கூடிய அந்தப் பரப்புத்தான் புலம். ஒரு பொருள் தூரத்திலுள்ள இன்னொரு பொருளைத் திடீரென்று இழுப்பதில்லை; புலத்தின் வழியாக, பக்கத்து இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்கு, செய்தி நடந்துதான் போக வேண்டும். எவ்வளவு வேகத்தில் நடக்கிறது? மாக்ஸ்வெல் என்பவர் 1860-களில் பாரடேயின் கண்டுபிடிப்பைக் கணக்காக எழுதிப் பார்த்தபோது, விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் என்று விடை வந்தது. அது ஒளியின் வேகம்! ஒளியே இந்தப் புலத்தின் அலைதான் என்று அதனால் தெரியவந்தது.

இங்கேதான் சிக்கல். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதற்குள் ஒருவர் முன்னோக்கி 20 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை எறிந்தால், சாலையோரத்தில் நிற்பவருக்கு அது 80. சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பஸ்ஸின் முன்விளக்கிலிருந்து புறப்படும் ஒளியை அளந்தால் பஸ்ஸில் இருப்பவருக்கும் அதே 3 லட்சந்தான். சாலையில் நிற்பவருக்கும் அதே 3 லட்சந்தான். எதிரே வரும் லாரியில் இருப்பவருக்கும் அதேதான். அளந்து அளந்து பார்த்தும் இது மாறவில்லை. வேகம் என்பது என்ன? தூரத்தைக் காலத்தால் வகுத்தது. பின்னத்தின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்றால், மேலேயிருக்கும் தூரமும் கீழேயிருக்கும் காலமும் ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துத்தானே ஆகவேண்டும்? மின்சாரமும் காந்தமும் ஒரு புலத்தின் இரு தோற்றங்கள் என்று ஒப்புக்கொண்டவன், இடமும் காலமும் ஒரே பரப்பின் இரு தோற்றங்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்க வழியில்லை. முன்னது உண்மையாவதற்குப் பின்னது தேவை. 1908-ல் மின்கோவ்ஸ்கி என்ற கணித ஆசிரியர், ஐன்ஸ்டைனுக்குக் கல்லூரியில் பாடம் சொன்னவர், இதைத் திட்டமாக எடுத்துச் சொன்னார்.

"இதெல்லாம் காகிதக் கணக்கு, யார் கண்டது?" என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும். பதில் நம் நாட்டிலேயே, உதகமண்டலத்தில் இருக்கிறது. அங்கே டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற சோதனைச் சாலையில் 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கி, மியூவான் என்னும் நுண்பொருள்களை இரவு பகலாக எண்ணுகிறார்கள். இந்தக் குழாய்கள் முன்பு கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் வேறொரு சோதனைக்கு இருந்தவை; அங்கே வேலை முடிந்தபின் வீணாக்காமல் மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

மியூவான் என்பது ஆகாயத்தின் உயரத்தில், சுமார் 15 கிலோமீட்டருக்கு மேலே, வெளியண்டத்திலிருந்து வரும் துகள்கள் காற்றை மோதும்போது பிறப்பது. அதன் ஆயுள் சராசரி 2.2 மைக்ரோ விநாடி. அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு அதில் இரண்டேகால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் 660 மீட்டர்தான் ஓட முடியும். நியாயப்படி வழியிலேயே எல்லாம் செத்துப்போக வேண்டும். ஆனால் செத்துப்போகவில்லை. தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் வந்து விழுகின்றன. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக நிமிடத்துக்குப் பல டஜன் போய்க்கொண்டிருக்கின்றன.

எப்படி? ஒளி வேகத்தில் 99.9 சதவீத வேகத்தில் வரும் மியூவானை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி அதன் கெடிகாரம் நம் கெடிகாரத்தைவிட 22 மடங்கு மெதுவாக ஓடும். ஆகவே நம் கணக்கில் அதன் ஆயுள் 2.2 அல்ல, சுமார் 49 மைக்ரோ விநாடி. அதற்குள் 15 கிலோமீட்டர் ஓடிவிடலாம். இது நம் பக்கத்து வாக்குமூலம். மியூவானைக் கூப்பிட்டுக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும்: "என் கெடிகாரம் சரியாகத்தான் ஓடியது; என் ஆயுள் 2.2 மைக்ரோ விநாடிதான். ஆனால் நீங்கள் 15 கிலோமீட்டர் என்கிறீர்களே, அது எனக்கு 670 மீட்டராகத்தான் இருந்தது" என்று சொல்லும். நாம் காலம் நீண்டது என்கிறோம். அது இடம் சுருங்கியது என்கிறது. இரண்டும் ஒரே உண்மை. குழாயில் வந்து விழுந்தது விழுந்ததுதான்; அதில் இருவருக்கும் தகராறு இல்லை.

நம்மவர்களில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். 'ரிலேட்டிவிட்டி' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, எல்லாம் பார்வையைப் பொறுத்தது, நிச்சயமானது ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு 'மாறாமைத் தத்துவம்' என்று பெயர் வைத்திருந்தால் இவ்வளவு தொல்லை வந்திருக்காது. ஏனென்றால் எது எது ஆளுக்கு ஆள் மாறும் என்று சொன்னதைவிட, எது யாருக்கும் மாறாது என்று அது சொன்னதுதான் முக்கியம்.

இங்கே சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது சர்வேயர்கள் வந்து அளந்ததை வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு, கிழக்கே 30 மீட்டர், வடக்கே 40 மீட்டர். இன்னொரு சர்வேயர் தம் கருவியைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, கிழக்கே 48, வடக்கே 14 என்கிறார். சண்டையா? இல்லை. 30-ஐ 30-ஆலும் 40-ஐ 40-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 2,500. 48-க்கும் 14-க்கும் அப்படியே செய்யுங்கள்: அதுவும் 2,500. கல்லுக்கும் கல்லுக்கும் நேர்தூரம் 50 மீட்டர். கிழக்கும் வடக்கும் ஆளைப் பொறுத்தது. நேர்தூரம் ஆளைப் பொறுத்ததல்ல.

காலத்துக்கும் இடத்துக்கும் நடுவே இதேபோன்ற கணக்குத்தான், ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும். ஒளி நான்கு ஆண்டில் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். (மெய்யாகவே மிகச் சமீபமான நட்சத்திரம் நான்கேகால் ஒளியாண்டுத் தூரத்தில்தான் இருக்கிறது.) ஒளி வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் ஒருவர் அங்கே போகிறார். நம் கணக்கில் 5 ஆண்டு ஆகும். ஐந்தைந்து 25, நாலுநாலு 16, கழித்தால் 9, அதாவது மும்மூன்று ஒன்பது. போகிறவர் கையிலுள்ள கெடிகாரத்தில் 3 ஆண்டுதான் ஆகியிருக்கும். அவருக்குத் தூரமும் 4 அல்ல, 2.4 ஒளியாண்டு. அவர் தம்மைப் பொறுத்தவரையில் இருந்த இடத்திலேயே இருந்தார், நட்சத்திரம்தான் வந்து சேர்ந்தது; ஆகவே அவர் கணக்கு மும்மூன்று ஒன்பதில் பூஜ்யத்தைக் கழித்தது. விடை அதே 9. நமக்கும் 9, அவருக்கும் 9, மூன்றாவதாக இன்னொரு ராக்கெட்டில் போகிறவர் அளந்தாலும் 9.

அந்தக் கழித்தல் குறி சாதாரணமானதல்ல. காலமும் இடமும் ஒன்றோடொன்று கலக்கின்றன என்பது மெய். ஆனால் காலம் இடமாகிவிடுவதில்லை. கிழக்கே போனவன் மேற்கே திரும்பலாம். நேற்றைக்குத் திரும்பிப் போக முடியாது. காரணம் முன்னால், காரியம் பின்னால் என்பது எந்த வேகத்தில் போகிறவனுக்கும் மாறாது. ஒளியாலும் போய்ச் சேர முடியாத அளவுக்கு விலகியிருக்கும் சம்பவங்களுக்குத்தான் முன்பின் என்பது ஆளைப் பொறுத்தது. சூரிய ஒளி இங்கே வர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. ஆகவே "இந்த நிமிஷம் சூரியனில் என்ன நடக்கிறது?" என்று கேட்டால், முன்னே 8 நிமிடம் 20 விநாடி, பின்னே 8 நிமிடம் 20 விநாடி, இந்த இடைவெளிக்குள் நடக்கும் எதையும் "இதுதான் இந்த நிமிஷம்" என்று அடித்துச் சொல்ல முடியாது. அண்டம் முழுமைக்கும் பொதுவான 'இப்பொழுது' என்பது இல்லை. ஆனால் ஒரு தொழிற்சாலைக்குள் உண்டு. வாசலிலிருந்து யந்திரத்துக்கு ஒளி போக ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இனி அந்த மேலதிகாரிக்கு வருவோம். ஒருவன் கையில் கட்டியிருக்கும் கெடிகாரம் அவன் கூடவே போய்க் காட்டுகின்ற காலம் இருக்கிறதே, மேலே சொன்ன அந்த 3 ஆண்டு போன்றது, அதுதான் இந்தச் சித்தாந்தத்தில் யாராலும் மறுக்க முடியாத அளவு. எந்த வேகத்தில் போகிற எவன் கணக்குப் போட்டாலும், உன் கெடிகாரத்தில் எத்தனை நிமிடம் ஓடியது என்பதற்கு ஒரே விடைதான் வரும். மேலதிகாரி தம் அறைக்குள் ஒளி வேகத்தில் 99.9 சதவீத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால்கூட, வரிசையில் நின்ற தொழிலாளியின் கையில் 20 நிமிடம் கழிந்தது என்று அவர் ஒப்புக்கொண்டே தீரவேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியால் அந்தச் சிரமமும் இல்லை. 20 நிமிடத்துக்குக் கூலி உண்டா இல்லையா என்பது சட்டமும் சங்கமும் முதலாளியும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அதில் ஐன்ஸ்டைனைச் சாட்சிக்கு இழுத்தால், அவர் தொழிலாளி பக்கத்துச் சாட்சியாகத்தான் நிற்பார்.

1915-ல் ஐன்ஸ்டைன் இன்னொரு படி மேலே போனார். பூமியின் ஈர்ப்பும் ஒரு புலந்தான். அந்தப் புலம் என்பது இடமும் காலமும் சேர்ந்த பரப்பின் வளைவே என்றார். அதனால் கனத்த பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் கெடிகாரம் மெதுவாகவும், தூரத்தில் இருப்பது வேகமாகவும் ஓட வேண்டும். சூரியனிலுள்ள அணுக்களையே கெடிகாரமாக வைத்துக்கொண்டால், அவை நம் கெடிகாரத்தைவிடப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு மெதுவாக ஓட வேண்டும். ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அணுக்கள் வெளியிடும் ஒளி அந்த அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர வேண்டும். இதைத் தேடிப் பார்த்த இடங்களில் ஒன்று நம் கொடைக்கானல். அங்கே வானாராய்ச்சி நிலையத்தில் இருந்த எவர்ஷெட் என்பவர் பல ஆண்டுகள் இதில் பாடுபட்டார். சூரியனில் வாயு மேலும் கீழும் ஓடுவதால் உண்டாகும் மாற்றமும் இதுவும் பின்னிக் கிடந்தபடியால் பிரிப்பது பெரும்பாடாயிற்று. அமெரிக்காவில் மவுண்ட் வில்சனில் இருந்த செயிண்ட் ஜான் என்பவர் 1917-ல் இப்படியொரு மாற்றம் தென்படவில்லை என்று எழுதினார். 1920-களில் மேலும் அளந்து பார்த்துவிட்டு, இருக்கிறது என்று அவரே எழுதினார். தாம் அச்சிட்டதைத் தாமே மாற்றிக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை.

இப்பொழுது உங்கள் சட்டைப் பையில் இருப்பதற்கு வருகிறேன். இங்கு வந்திருக்கும் சகோதரிகளில் பலர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் செல்போன் பூட்டுகிறவர்கள். அந்தப் போன் வழி காட்டுகிறதே, எப்படிக் காட்டுகிறது? 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் "இப்பொழுது மணி இன்னது" என்று சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேரத் தாமதமான அளவை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. எத்தனை செயற்கைக்கோள் வேண்டும்? இடத்துக்கு மூன்று அளவு வேண்டும்: கிழக்கு மேற்கு, தெற்கு வடக்கு, உயரம். ஆனால் மூன்று செயற்கைக்கோள் போதாது, நான்கு வேண்டும். ஏனெனில் போனிலுள்ள மலிவான கெடிகாரம் துல்லியமில்லாதபடியால், காலத்தையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. காலத்தைக் கண்டுபிடிக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்கவே அதற்கு வழியில்லை.

அந்த ஆகாயக் கெடிகாரங்கள் விநாடிக்குச் சுமார் 3.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி பிந்துகின்றன. பூமியைவிட்டுத் தூரத்தில் இருப்பதால் 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன. நிகரமாக 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. அற்பம் என்று தோன்றும். அதற்குள் ஒளி 11 கிலோமீட்டர் ஓடிவிடும்! 1977-ல் அமெரிக்கர்கள் இதற்கு முன்னோடியாக ஒரு செயற்கைக்கோளில் அணுக் கெடிகாரத்தை வைத்து அனுப்பினபோது, மெய்யாகவே முந்துமா என்று பார்ப்பதற்காகத் திருத்தம் செய்யாமல் 20 நாள் ஓடவிட்டார்கள். கணக்கில் சொன்ன அளவுக்கு வெகு நெருக்கமாக முந்தியது. அதிலிருந்து, மேலே போகும் கெடிகாரத்தைத் தரையில் இருக்கும்போதே அந்த அளவுக்கு மெதுவாக ஓடும்படி அமைத்துத்தான் அனுப்புகிறார்கள். நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களுக்கும் வெளிநாட்டு அணுக் கெடிகாரங்களைத்தான் முதலில் வாங்கிப் பொருத்தினார்கள். அவற்றில் சில பழுதாயின. நம்மவர்களே செய்த ரூபிடியம் அணுக் கெடிகாரம் 2023 மே 29-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போயிற்று. அதே மே 29-ந்தேதிதான் 1919-ல் சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி சூரியனருகே வளைவதைப் படம் பிடித்து, ஐன்ஸ்டைன் சொன்னதைச் சோதித்தார்கள். இதில் நட்சத்திரப் பொருத்தம் ஒன்றுமில்லை, தற்செயல்.

பிரசங்கியார் சொன்ன ககுத்மி கதையையும் பார்ப்போம். ராஜா தம் மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் போனார். அங்கே பாட்டுக் கச்சேரி முடியும் வரை காத்திருந்தார். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் கழிந்துவிட்டது என்பது கதை. நல்ல கதைதான். ஜப்பானில் ஊராஷிமா தாரோ என்ற செம்படவன் கடலுக்கடியில் சில நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால் ஊரில் பல நூறு ஆண்டு கழிந்துவிட்டதாக இதேபோல் ஒரு கதை. கிறிஸ்தவர்களிடமும் குகையில் உறங்கிய ஏழு பேர் கதை உண்டு. இஷ்டமான இடத்தில் காலம் போவதே தெரியாது என்பதை எந்த ஊர்ப் பாட்டியும் அறிவாள். ஆனால் எந்த வேகத்துக்கு எவ்வளவு மெதுவாகும், எந்த உயரத்துக்கு எவ்வளவு முந்தும் என்று அந்தக் கதைகள் எதிலாவது ஓர் எண் இருக்கிறதா? 38 மைக்ரோ விநாடியைக் கதையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நாளைக்கே ஒப்புக்கொள்ளுகிறேன்.

காலமும் இடமும் மாயை என்பதற்கும் இதுதான் பதில். மாயைக்கு யாரும் திருத்தம் போட்டு அனுப்பமாட்டார்கள். இதோ பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராகச் சொல்லப்படும் இராமானுஜரே உலகம் மாயை என்ற வாதத்தை மறுத்து விரிவாக எழுதியவர். அவருடைய மற்ற முடிவுகள் எனக்குச் சம்மதமல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து, உலகம் மாயை என்பது நம் முன்னோர் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவது கொஞ்சம் துணிச்சல்தான்.

ராகுகாலத்தைப் பற்றி ஒரு சகோதரர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பகலை எட்டாகப் பங்கிட்டு, கிழமைக்கு ஒரு பங்கைக் கெட்டது என்று ஒதுக்குவதைத் தள்ளுவதற்கு ஐன்ஸ்டைன் தேவையேயில்லை. எட்டால் வகுக்கத் தெரிந்தவன் எவனும் கேட்கலாம், ஏன் எட்டு என்று. ஆனால் ஒன்று பார்த்தேன். இப்பொழுது செல்போனிலேயே ராகுகாலம் காட்டும் பஞ்சாங்கம் வந்திருக்கிறது. நீங்கள் இருக்கும் ஊரைச் செயற்கைக்கோள் மூலம் கண்டுபிடித்து, அந்த ஊரின் சூரியோதயத்தை நிமிடம் பிசகாமல் கணக்கிட்டுக் காட்டுகிறது. மைக்ரோ விநாடி திருத்தி மேலே அனுப்பிய கெடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு, இவர் ஒன்றரை மணி நேரம் வெளியே புறப்படாமல் உட்கார்ந்திருக்கிறார்!

இந்தப் படிப்பு நமக்கு எட்டாது என்று மாத்திரம் நினைக்காதீர்கள். ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் மூலக் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்துக் கல்கத்தா பல்கலைக்கழகம் 1920-லேயே புத்தகமாக வெளியிட்டது. செய்தவர்கள் சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா என்ற இரண்டு இளைஞர்கள். சாஹா ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன்.

(பேச்சு முடிந்ததும், செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சகோதரி எழுந்து, "உயரத்தில் கெடிகாரம் முந்தும் என்றால், எங்கள் ஆலையில் மாடியில் வேலை செய்கிறவர்களுக்குக் கீழே இருப்பவர்களைவிடச் சீக்கிரம் வயதாகுமா?" என்று கேட்டதற்குச் சொன்ன பதில்:)

ஆகும், அம்மா. சந்தேகமேயில்லை. 2010-ல் அமெரிக்காவில் ஓர் அணுக் கெடிகாரத்தை ஓரடி உயரம் தூக்கி வைத்து, அது முந்துவதை அளந்தே காட்டினார்கள். மாடி 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவும் பகலும் இறங்காமல் 30 ஆண்டு மாடியிலேயே ஒருவர் இருந்தால், ஒரு விநாடியைப் பத்து லட்சமாக்கி அதில் ஒரு பங்கை மூன்றாகக் கிழித்தால் வருமே, அவ்வளவு மூப்பு அவருக்கு அதிகம். இதைச் சொல்லி மாடிப்படி கேட்க முடியாது. காந்தமும் சுருளும் மேஜைமேலேயே இருக்கின்றன. பஸ் வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது, விரும்புகிறவர்கள் வந்து நீங்களே ஆட்டிப் பாருங்கள்.